‘சாதாரணக் கட்டி’ என்று எழுதியவர்கள் பதில் சொல்லட்டும்

கழுத்தில் இருபது ஆண்டுகளாகக் கிடந்த கட்டி ஒரே மாதத்தில் இரண்டு மடங்காகிறது. குரல் கம்முகிறது. சோறு தொண்டையில் இறங்க மறுக்கிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. அந்தப் பெண் மருத்துவமனைக்கு வருகிறார். இருமலுக்கு மருந்து எழுதித் தருகிறார்கள். ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்க்கிறார்கள். “தைராய்டு நார்மல்தாம்மா, பயப்படாதீங்க” என்று அனுப்புகிறார்கள். ஸ்கேனுக்கு ஒரு தேதி, ஊசிப் பரிசோதனைக்கு இன்னொரு தேதி, ரிப்போர்ட்டுக்கு வேறொரு தேதி. மூன்று தேதிகளும் முடிந்து அவர் திரும்பி வரும்போது நோய் மூச்சுக்குழாயைப் பிடித்துவிடுகிறது.

இதற்குப் பெயர் விதி என்கிறார்கள். நாம் ஏற்கவில்லை. இதற்குப் பெயர் அலட்சியம்.

அந்தப் பெண்ணுக்கு வந்த அனாபிளாஸ்டிக் தைராய்டு புற்றுநோய் அரிய நோய்தான். தைராய்டு புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் இது. ஆனால், தைராய்டு புற்றுநோயால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு இதனுடையது. நோய் உறுதியானபின் பாதிப் பேர் ஆறு மாதம் தாண்டுவதில்லை. ஓராண்டு கடப்பவர்கள் ஐந்தில் ஒருவர். புற்றுநோய்களுக்கு நிலை பிரிக்கும் மருத்துவ உலகம், இந்த நோய்க்கு முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று எதையும் வைக்கவில்லை. கண்டுபிடித்த அன்றே அது நான்காம் நிலை. நாள்களில் வளரும் நோய் இது. அதற்கு நம் மருத்துவமனைகள் வாரங்களில் பதில் சொல்கின்றன.

இந்த நோய் பெரும்பாலும் வெறும் கழுத்தில் முளைப்பதில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களின், அதிலும் பெண்களின் கழுத்தில், நெடுங்காலமாக இருந்த கழலைக்குள்ளிருந்து கிளம்புகிறது. சில நேரம், அதே கட்டிக்குள் யாரும் பார்க்காமல் ஒளிந்திருந்த மெதுவான புற்றுநோய் உருமாறுகிறது. பி.ராஃப், ராஸ் போன்ற மரபணுக்களில் முதலில் ஒரு கோளாறு. அதன்மேல் பி53 போன்ற காவல் மரபணுக்களில் இன்னொரு கோளாறு. செல் தன் அடையாளத்தையே இழக்கிறது. தைராய்டு செல்லுக்குரிய வேலை எதையும் அது செய்வதில்லை. அயோடினைக்கூட உறிஞ்சுவதில்லை. அதனால் மற்றத் தைராய்டு புற்றுநோய்களுக்குக் கைகொடுக்கும் கதிரியக்க அயோடின் இங்கே பயன்படாது. கட்டி இருபது ஆண்டு இருந்தது. உருமாற்றம் சில வாரங்களில் வெளியே தெரிகிறது.

அந்த இருபது ஆண்டுகளும் அந்தப் பெண் நம் கண்முன்தான் நடமாடினார். இங்கேதான் நம் குற்றச்சாட்டு தொடங்குகிறது.

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பில் எழுத்து அழிந்திருக்கும். எட்டோ பத்தோ ஆண்டுக்கு முன் எடுத்த ஊசிப் பரிசோதனையின் ரிப்போர்ட். கொலாய்டு கழலை, புற்றுநோய்க் கூறு எதுவும் தென்படவில்லை என்று ஒரு வரி. கீழே கையெழுத்து, முத்திரை. மீண்டும் எப்போது வர வேண்டும் என்று எழுத ஓர் இடம்கூட அந்தத் தாளில் இல்லை. எந்த மாற்றம் கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்ற ஒரு சொல் இல்லை. ஒருநாள் எடுத்த ஒரு துளியைப் பற்றிய குறிப்பை ஆயுளுக்குமான விடுதலைச் சீட்டாக அவர் கையில் கொடுத்தது யார்? அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கொடுத்தவர்கள் மறந்துபோனார்கள்.

எஃப்.என்.ஏ.சி. என்கிற ஊசிப் பரிசோதனை நல்ல பரிசோதனை. மலிவானது, விரைவானது. அதைக் குறை சொல்லவில்லை. அதன் எல்லையைச் சொல்லாமல் மறைப்பதைத்தான் கண்டிக்கிறோம். அரிசி மூட்டையில் குத்தூசி போட்டு எடுக்கும் பிடியைப் போன்றதுதான் அது. ஊசி போன இடத்தில் இருந்ததைச் சொல்லும். போகாத இடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கட்டி நான்கு சென்டிமீட்டரைத் தாண்டினால் தவறவிடும் வாய்ப்பு கூடுகிறது. ஊசி முடிவுகளை வகைப்படுத்த உலகெங்கும் பின்பற்றப்படும் பெதஸ்டா முறையில் ‘கேடில்லாதது’ என்ற வகையில் வைத்தவற்றிலும் நூற்றுக்கு மூன்று நான்கு பிறகு புற்றுநோயாகத் தெரியவருவது நூல்களிலேயே உள்ளது. அதனால்தான் அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: ஊசி முடிவு கேடில்லை என்று வந்தாலும் ஸ்கேனில் சந்தேகம் வலுவாக இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் ஸ்கேனும் ஊசியும் மறுபடி வேண்டும், சந்தேகம் குறைவென்றால் ஓராண்டிலிருந்து இரண்டாண்டுக்குள் ஸ்கேன் வேண்டும். இது படித்தவர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. முதுநிலை மாணவர் தேர்வில் எழுதுகிற விடை. விடைத்தாளில் இருப்பது ஓ.பி. சீட்டில் ஏன் இல்லை?

இன்னொரு தவறு இதைவிடக் கொடியது. கழுத்தில் கட்டியோடு வருகிறவருக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்து அனுப்புவது. டி.எஸ்.எச். சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்லும். கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அனாபிளாஸ்டிக் புற்றுநோய் வந்தவர்களுக்கும் அந்த எண் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். “நார்மல்” என்ற அச்செழுத்து எத்தனை கழுத்துகளைத் தொட்டுப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது? தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கட்டி அசைகிறதா, இறுகிக் கிடக்கிறதா என்று கவனிக்க இன்னொரு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்காதவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

பிறகு வருகிறது ஆய்வகத்தின் அலட்சியம். வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதி அழுகிக் கிடக்கும். அங்கே ஊசி போனால் செத்த செல்லும் சீழ்ச் செல்லும்தான் வரும். ‘அழற்சி’ என்றோ, ‘போதிய செல்கள் இல்லை’ என்றோ ரிப்போர்ட் வரும். அந்த இடத்தில் நிறுத்துவது குற்றம். ஒரு மாதத்தில் இரண்டு மடங்கான கட்டியில் போதிய செல்கள் இல்லை என்றால், மறுநாளே தடித்த ஊசி கொண்டு திசுத்துண்டு எடுக்க வேண்டும். அடுத்த மாதம் எடுப்பது அல்ல.

திசு எடுப்பது ஏன் இத்தனை அவசரம்? இதே வேகத்தில், இதே தோற்றத்தில் வளரும் இன்னொரு நோய் உண்டு. தைராய்டில் வரும் லிம்ஃபோமா. நாள்பட்ட ஹாஷிமோட்டோ அழற்சி உள்ள முதிய பெண்களுக்கு வருவது. கத்தி வைக்காமல் மருந்தாலேயே கரையக்கூடியது. பலருக்கு முழுமையாகக் குணமாகக்கூடியது. கையால் தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. திசுத்துண்டு பிரித்துக் காட்டும். “இனி ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று திசு பார்க்காமலே சொல்கிறவர் குணமாகக்கூடிய ஒருவரைச் சாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுத்தது யார்?

அறுத்தெடுத்த கட்டி நோய்க்கூறியல் மேசைக்கு வரும்போதும் இதே கதை தொடர்கிறது. கத்தியால் பிளந்தால் கழலை பளபளவென்று தேன் நிறத்தில் பசைபோல மின்னும். அதன் ஓர் ஓரத்தில், மொச்சைக் கொட்டை அளவில், வெளிறிய சாம்பல் நிறத்தில் மாமிசம்போல ஒரு திட்டு இருக்கலாம். கவனிக்கிறவர் அதை வெட்டித் தனிக்குப்பியில் போடுவார். கவனிக்காதவர் தேன் நிறத்தில் மூன்று துண்டு எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஃபார்மலின் வாளியில் தள்ளுவார். பெரிய கட்டியில் எத்தனை துண்டு எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை. எழுத வேண்டும். காரணம் உண்டு. வேறு எதற்காகவோ அறுத்த கட்டிக்குள் சின்னத் திட்டாக இந்தப் புற்றுநோய் அகப்பட்டால், அந்த நோயாளிக்குத்தான் உயிர்பிழைக்கும் வாய்ப்பு மற்றெவரையும்விட அதிகம். இந்த நோய் தரும் ஒரே சலுகை அது. அந்தச் சலுகையை வாளியில் கொட்டுகிறவர்களை மன்னிப்பதற்கில்லை.

மருந்தே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. 2018 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பி.ராஃப் வி600இ மாற்றம் உள்ள அனாபிளாஸ்டிக் நோயாளிகளுக்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்னும் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க அனுமதித்தது. ரோர் என்ற ஆய்வில் இந்த நோயாளிகள் 36 பேர். பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டி சுருங்கியது. ஓராண்டுக்குப் பிறகும் ஏறக்குறையப் பாதிப் பேர் உயிரோடு இருந்தார்கள். ஐந்தில் ஒருவர் என்றிருந்த இடத்தில் இரண்டில் ஒருவர். குணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், பேத்தியின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போகும் அவகாசம் அது. அந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்று திசுவில் சாயமிட்டுப் பார்த்தால் ஓரிரு நாளில் தெரியும். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2021இல் வெளியிட்ட இந்த நோய்க்கான தனி வழிகாட்டி, நோய் தெரிந்த உடனே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறது. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் திசுத்துண்டு எடுத்தாலும் அது ஊர் ஊராக அலைந்து முடிவு வருவதற்குள் நோயாளி இருப்பதில்லை. மாத்திரையின் விலையோ கூலி வேலைக்குப் போகும் குடும்பம் கனவிலும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் அரசே பொறுப்பு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எல்லாருடைய கழுத்துக்கும் ஸ்கேன் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தென் கொரியா அதைச் செய்து பார்த்தது. 1999இல் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு கழுத்து ஸ்கேனையும் மருத்துவமனைகள் சேர்த்து விற்றன. 2011இல் அங்கே தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. சாவு எண்ணிக்கை அசையவில்லை. உயிருக்கு ஆபத்தில்லாத சின்னஞ்சிறு புள்ளிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்தார்கள். அதே வியாபாரம் இன்று நம் நகரங்களின் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ விளம்பரங்களில் நடக்கிறது. நான்கு மில்லிமீட்டர் புள்ளிக்கு நகரத்தில் இரவு பகலாகக் கவலைப்படுகிறார்கள். கிராமத்தில் எலுமிச்சை அளவுக் கட்டியோடு முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு களையெடுக்கும் பெண்ணை யாரும் கேட்பதில்லை. தேவையற்ற இடத்தில் ஸ்கேன் குவிகிறது. தேவையான இடத்தில் தேதி தள்ளிப்போகிறது. நாம் கேட்பது அந்தப் பெண்ணுக்காக. ஏற்கெனவே கட்டி இருப்பது தெரிந்தவருக்காக.

அந்தப் பெண் ஏன் யார் கணக்கிலும் வரவில்லை?

அரசிடம் இரண்டு திட்டங்கள் உண்டு. ஒன்று, 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டமாகத் தொடங்கி, 1992இல் அயோடின் குறைபாட்டு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமாகப் பெயர் மாறியது. அது பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைப் பார்க்கிறது, உப்பைச் சோதிக்கிறது. அறுபது வயதுப் பாட்டியின் பழைய கழலை அதன் வேலையில்லை. மற்றொன்று, தொற்றா நோய்களுக்கான திட்டம். முப்பது வயதைக் கடந்தவர்களுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பார்க்கிறது; வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத் தேடுகிறது. கழுத்துக் கட்டி அதன் படிவத்தில் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசல்வரை வருகிறது. மாத்திரை கொடுக்க வரும் ஊழியர் அந்தக் கட்டியை நேருக்கு நேர் பார்க்கிறார். எழுதுவதற்குக் கட்டமில்லை. பார்த்துவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டம் போடாதவர்களைக் கேட்கிறோம்.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அயோடின் குறைந்தால் கழலை வரும். நாடெங்கும் அயோடின் உப்பு பரவிய பிறகு அனாபிளாஸ்டிக் நோயின் பங்கு குறைந்ததைப் பல நாடுகளின் அனுபவம் காட்டுகிறது. இந்தியாவில் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கும் தடை 2000இல் விலக்கப்பட்டு, 2006 மே மாதம் மீண்டும் வந்தது. சட்டம் இருக்கிறது. 2018-19இல் எடுத்த இந்திய அயோடின் ஆய்வில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு. மாநிலங்களிலேயே கடைசி வரிசை. தூத்துக்குடியும் வேதாரண்யமும் உள்ள மாநிலம், நாட்டுக்கே உப்பு அனுப்பும் மாநிலம், தன் அடுப்படிக்குச் சரியான உப்பைக் கொடுக்கவில்லை. சந்தையில் சாக்கைப் பிரித்து வைத்துப் படியால் அளந்து விற்கும் கல்லுப்பில் அயோடின் இருக்கிறதா என்று உணவுப் பாதுகாப்புத் துறை கடைசியாக எப்போது பார்த்தது? எத்தனை பேர்மீது வழக்கு? ஊர் ஊராக அந்தக் கணக்கை வெளியிடட்டும்.

கடைசிக் கட்டத்தில் நடப்பது இன்னும் வேதனை. மூச்சுக்குழாய் நெரிகிறது. நள்ளிரவில் 108 வண்டியில் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார்கள். கழுத்தில் துளையிட அங்கே ஆளில்லை. மாவட்ட மருத்துவமனைக்கு எழுதுகிறார்கள். அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு. இந்த அலைச்சல் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. மூச்சடைப்பு வரும் என்பது நோய் உறுதியான நாளிலேயே தெரியும். துளையிட வேண்டுமா, வேண்டாமா, எங்கே, எப்போது என்று நோயாளியோடும் வீட்டாரோடும் அன்றே பேசியிருக்க வேண்டும். பேசுவதில்லை. வலிக்கு மார்ஃபின் தர வேண்டும். போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டதே அதற்கான தடைகளை நீக்கத்தான். இன்றும் எத்தனையோ மாவட்டங்களில் அந்த மருந்துக்காக நோயாளியின் மகன் பேருந்து ஏறி நகரத்துக்குப் போகிறான். பத்தாண்டுக்கு முன் வந்த தடைநீக்கத்தைக் காகிதத்திலேயே வைத்திருப்பவர்கள் வெட்கப்பட வேண்டும்.

செய்ய வேண்டியது தெரியாமல் இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். கேடில்லை என்று வரும் ஒவ்வொரு தைராய்டு ஊசி முடிவிலும் அடுத்த பரிசோதனைக்கான மாதமும், உடனே வர வேண்டிய அறிகுறிகளும் தமிழில் அச்சிடப்பட வேண்டும். அரசு ஆய்வகத்துக்கும் தனியார் ஆய்வகத்துக்கும் இது ஒன்றுபோல் பொருந்த வேண்டும். வேகமாக வளரும் கழுத்துக் கட்டி, குரல் மாற்றம், விழுங்கச் சிரமம் இவற்றோடு வருபவர் ஓ.பி. வரிசையில் நிற்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் ஸ்கேன், திசு, முடிவு மூன்றும் முடிய வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பி அறுவைச் சிகிச்சைக்குத் தனித்துறையே இருக்கிறது. அங்கே இருக்கும் அறிவை மாவட்டத்துக்குக் கொண்டுசெல்ல ஒரு தொலைபேசி எண் போதும். பி.ராஃப் சோதனையை அரசு மருத்துவக் கல்லூரிகள் செய்ய வேண்டும். மாத்திரையின் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் முழுமையாக ஏற்க வேண்டும். நோயாளிகள் குறைவு. ஆகவே செலவும் குறைவுதான். கருவூலம் இதனால் காலியாகாது.

இந்த மாநிலத்தில் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் பல்லாண்டுகளாகக் கட்டிக்காத்துவரும் பணி அது. அந்தப் பதிவேட்டை அடிப்படையாக வைத்து, அனாபிளாஸ்டிக் நோயாளி ஒவ்வொருவர் இறப்பையும் துறை தணிக்கை செய்ய வேண்டும். தாய்மார் இறப்பைத் தணிக்கை செய்கிறோம். ஒவ்வொரு இறப்பும் யார் மேசையில் எத்தனை நாள் தங்கியது என்று ஆட்சியர் முன்னிலையில் கேட்கிறோம். தாய்மார் சாவைக் குறைத்ததில் அந்தக் கேள்விக்கும் பங்குண்டு. அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். கட்டி எத்தனை ஆண்டு இருந்தது? முதல் ஊசி எப்போது? மறு ஊசி ஏன் இல்லை? வளரத் தொடங்கியபின் முதலில் பார்த்தவர் யார்? திசு எடுக்க எத்தனை நாள்? முடிவு வர எத்தனை நாள்?

வரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் சுகாதார அமைச்சர் இந்தக் கேள்விகளுக்கு, மாவட்டவாரியாக, எண்களோடு அவையில் பதில் வைக்க வேண்டும். தணிக்கைக்கு உத்தரவிடும் நாளையும் அதே அவையில் அறிவிக்க வேண்டும்.